பேட்டரியில் ஓடிய யோ-யோ

வஹாப் நடுவரானது ஒரு தகராறினால்தான். 1992இல், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள திடலில் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் உள்ளூர் அணி, மறுபக்கம் செங்கல்பட்டிலிருந்து வந்த அணி. முதல் பாதியில் யாரோ ஒருவன் நடுவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட, அந்த மனிதர் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மைக் செட் போட வந்திருந்த வஹாப் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தின் விதி தெரிந்தவர், அதிகம் பேசாதவர். விசிலை அவர் கையில் திணித்தார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் உள்ளூர் அணிக்கு எதிராக பெனால்டி கொடுத்தார். உள்ளூர் அணி தோற்றது. மறுநாள் காலையில் தன் ரிப்பேர் கடையைத் திறக்கப் போனால் பூட்டின்மேல் சாணி அப்பியிருந்தது. கழுவிவிட்டுத் திறந்தார்.

அடுத்த மாதமே காஞ்சிபுரம் போய் மாவட்ட நடுவர் தேர்வு எழுதினார். ஏன் என்று மனைவி நசீரா கேட்டதற்கு, "அந்த பெனால்டி கரெக்ட்டு. அத்தினி பேர் கத்திக்கினு இருக்கசொல்ல எனக்கு மட்டும் அது கரெக்ட்டுன்னு தெரிஞ்சிது. அது புடிச்சிருந்திச்சி" என்றார்.

"பூட்டுல சாணி பூசனதுமா புடிச்சிருந்திச்சி?" என்று கேட்டாள் நசீரா.

வஹாப் பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் 'சாய்ரா ரெக்கார்டிங்' என்று கடை வைத்திருந்தார். சாய்ரா அவருடைய மகள். கேசட்டில் பாட்டுப் பதிவு செய்துகொடுப்பார், டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்ப்பார். வாடிக்கையாளர் கொண்டுவரும் செட் மெதுவாக ஓடுகிறதா, வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கேசட்டைப் போட்டு நாலு வினாடி கேட்பார். பிறகு மோட்டாரின் பின்பக்கத்துத் துளையில் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு நூலிழை திருப்புவார். சரியாகிவிடும்.

பதினோரு வருடம் மாவட்டம் முழுக்க விசில் ஊதினார். வாலாஜாபாத், மதுராந்தகம், கூரம் என்று எங்கே ஆட்டம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். 1998க்குப் பிறகு அவரோடு வசந்த்குமாரும் சேர்ந்துகொண்டார். வசந்த்குமார் திருப்புலிவனத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அவர் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். சர்ச் அணியில் கோல்கீப்பராக நின்றவர், விரல் ஒன்று முறிந்த பிறகு நடுவர் தேர்வு எழுதினார். வஹாபைவிட எட்டு வயது இளையவர். ஒருவர் விசில் ஊதினால் மற்றவர் கோட்டோரம் கொடி பிடிப்பார். வஹாபின் டிவிஎஸ் ஃபிஃப்டியில்தான் இருவரும் போவார்கள். வழியில் சண்டை போடுவார்கள். ஆஃப்சைடா இல்லையா என்று ஆரம்பித்தால் ஊர் வரும்வரை முடியாது.

2003 ஆரம்பத்தில் மாநில நடுவர் பட்டியலுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. மாவட்டத்துக்கு ஆறு இடம். நாற்பது வயது தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். வஹாபுக்கு செப்டம்பரில் நாற்பது.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறிவிட்டார்கள். மிச்சம் இருந்தது உடல்தகுதி. அதுவரை பன்னிரண்டு நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் யோ-யோ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கயிற்றில் கட்டிய சக்கரம் கீழே போய் மேலே வருகிற மாதிரி மனுஷன் போய்ப் போய் வர வேண்டும். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. டேப் ரெக்கார்டரில் 'பீப்' என்று சத்தம் வந்ததும் ஓடி, அடுத்த பீப்புக்குள் எதிர்க் கோட்டைத் தொட்டுத் திரும்பி, மூன்றாவது பீப்புக்குள் புறப்பட்ட கோட்டுக்கு வந்துவிட வேண்டும். இது ஒரு சுற்று. அப்புறம் பத்து வினாடி மூச்சு வாங்கலாம். மறுபடி பீப். சுற்று ஏற ஏற பீப்புகளுக்கு நடுவே இருக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். ஒரு தடவை பிந்தினால் எச்சரிக்கை. இரண்டாவது தடவை பிந்தினால் வெளியே. அதிகச் சுற்று ஓடிய ஆறு பேர் பட்டியலுக்குப் போவார்கள்.

அந்தக் கேசட்டின் பிரதி ஒன்று சென்னையிலிருந்து வஹாபின் கைக்கு வந்தது. அவர் அதை இன்னும் இரண்டு கேசட்டில் பதிவு செய்தார். பதிவில் வெள்ளைக்காரன் ஒருவன் வேகம் கூடும்போதெல்லாம் ஒரு எண் சொல்வான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, விடிந்ததும் விடியாததுமாக, ஏரித் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு இருவரும் ஓடினார்கள். வசந்த்குமார் இருபத்தெட்டுச் சுற்று வரை போவார், நல்ல நாளில் இருபத்தொன்பது. வஹாபின் உச்சம் இருபத்தேழு. அதுவும் ஒரே ஒரு நாள்தான், அன்றைக்குக் காலை நாஷ்டாவைக்கூட அவரால் சாப்பிட முடியவில்லை.

தேர்வு ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில். இருபது பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் சுப்பிரமணி பொறுப்பாளர். டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டவர் சாமுவேல், சுப்பிரமணியோடு பல வருடமாக இருக்கும் உதவியாளர். கேசட்டின் தொடக்கத்தில் சரிபார்ப்பதற்கென்று இரண்டு பீப் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சரியாக அறுபது வினாடி இருக்க வேண்டும். காலையில் சாமுவேல் ஸ்டாப் வாட்சை வைத்துப் பார்த்தார். அறுபது. அலுவலக அறையிலிருந்து ஒயர் இழுத்து செட்டை மரத்தடி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

பத்துப் பத்துப் பேராக இரண்டு குழு. வசந்த்குமார் முதல் குழு. ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். இருபத்து நாலாவது சுற்றில் ஆறு பேர் வெளியேறியிருந்தார்கள். வசந்த்குமார் இருபத்தெட்டை முடித்துவிட்டு இருபத்தொன்பதில் இரண்டடி பிந்தினார். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்ததால் அதோடு சரி. மூட்டை தூக்கின உடம்பு, விழவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று வாந்தி எடுத்தார். அந்தக் குழுவில் அவரைவிட அதிகம் ஓடியவர் ஒரே ஒருவர்தான், மதுராந்தகத்துக்காரர், முப்பது.

"ரெண்டாவது ஆளா கீறேன், பாய்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார். "நீ ஒரு இருவத்தாறு ஓடு. போதும். உங்கூட ஓடறவனுங்க மூஞ்சப் பாத்தா இருவத்தஞ்சே தாண்ட மாட்டானுங்கோ."

இரண்டாவது குழு கோட்டில் நின்றபோது கரண்ட் போனது.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாநிலக் குழுவிலிருந்து வந்திருந்தவர் இரண்டு மணிக்குப் பட்டியலோடு கிளம்ப வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். சாமுவேல் வாட்ச்மேனின் டார்ச்சிலிருந்து மூன்று பேட்டரியும் அலுவலக ரேடியோவிலிருந்து மூன்று பேட்டரியும் கழற்றிக்கொண்டு வந்து செட்டின் முதுகில் போட்டார். பட்டனை அழுத்தினார், பாடியது. அறுபது வினாடியை மறுபடி பார்க்கவில்லை. பத்து பேரும் வெயிலில் நிற்கிறார்கள் என்ற அவசரம்.

முதல் பத்துச் சுற்றில் வஹாபுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கோட்டைப் பார்த்தார், ஓடினார், திரும்பினார். பதினோராவது சுற்றில் மூச்சு தாளத்துக்கு வந்தது. பன்னிரண்டு, பதிமூன்று.

பதினாலாவது சுற்று தொடங்கும்போது பீப்பின் சுருதி இறங்கியிருந்தது.

ரொம்ப இல்லை. வேறு யார் காதுக்கும் கேட்டிருக்காது. மூன்று மாதமாக அதே பீப்பைக் கேட்டு ஓடிய காது, இருபது வருடமாக டேப் ரெக்கார்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த காது. சுருதி இறங்கியிருக்கிறது என்றால் டேப் மெதுவாகப் போகிறது. டேப் மெதுவாகப் போனால் பீப் தாமதமாக வரும். தாமதமாக வந்தால் ஓடுகிறவனுக்கு நேரம் அதிகம்.

வஹாபின் கால் நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு. கோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் பீப் கேட்டது. கால் இன்னிக்கு நல்லா கீது, அதான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இருபதாவது சுற்றுக்கு முன்னால் வெள்ளைக்காரன் எண் சொன்னான். சளி பிடித்தவன் மாதிரி, வார்த்தையை இழுத்துச் சொன்னான். இனி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் சமாதானம் எதுவும் இல்லை.

பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அரை நொடி, முக்கால் நொடி சும்மா கிடைத்தது. பக்கத்துத் தடத்தில் ஓடிய வீராசாமி, வாலாஜாபாத்துக்காரர், அவரைப் பார்த்துச் சிரித்தார். இருபத்தேழு முடிந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தொட்ட எண். கோட்டில் நின்றபோது வஹாபுக்கு மூச்சு இன்னும் இருந்தது. இருபத்தெட்டு. வசந்த்குமார் வாந்தி எடுத்த இடம் ஓரக்கண்ணில் தெரிந்தது. இருபத்தொன்பது. முப்பது.

முப்பத்தொன்றில் இரண்டாவது தடவையும் பிந்தி வெளியே வந்தார். வீராசாமி முப்பத்து மூன்று ஓடினார். பத்து பேரில் ஐந்து பேர் இருபத்தொன்பதோ அதற்கு மேலோ ஓடியிருந்தார்கள்.

சுப்பிரமணி மேசையில் உட்கார்ந்து எண்களை வரிசைப்படுத்தினார். முதல் ஆறு இடத்தில் ஐந்து இடம் இரண்டாவது குழு. வஹாப் நாலாவது. வசந்த்குமார் ஏழாவது.

வசந்த்குமார் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வஹாபின் தோளில் தட்டினார்.

"முப்பதா, பாய்? எங்க ஒளிச்சி வச்சிருந்த இத்தினி நாளா?"

வஹாப் தலையைக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னா, இன்னும் ஒம்போது வருசம் கீது. உன்க்குதான் கடைசி. நல்லதாப் போச்சி" என்றார் வசந்த்குமார். அப்புறம் குரல் கொஞ்சம் மாறியது. "ஒரே ஒரு சுத்து. ஒரு சுத்து கூட ஓடியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல், தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

நசீரா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையை வஹாப் பிரிக்கவே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. செட்டை இயக்கியது சாமுவேல், எண்ணியது சுப்பிரமணி. ஓடுகிறவனுக்கு டேப்பைப் பார்ப்பது வேலை இல்லை. இதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. மணி பன்னிரண்டு. கரண்ட் வந்துவிட்டால் செட் மறுபடி ஒழுங்காக ஓடும். பேட்டரியை வாட்ச்மேன் திரும்பக் கேட்பான். அதோடு போச்சு, யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

எழுந்து மேசைப் பக்கம் போனார். சாமுவேல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், பாட்டு கேக்கப் போறியா?"

"சும்மா பாக்கறேன்."

கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினார். பட்டனை அழுத்தினார். முதல் பீப் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு சுற்று வந்தது. அறுபது. பீப் வரவில்லை. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நாலில் வந்தது. இத்தனைக்கும் பேட்டரி ஒரு மணி நேரம் ஓய்வெடுத்திருந்தது. ஓடும்போது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பட்டனை நிறுத்தினார். சாமுவேல் இவர் பக்கம் பார்க்கவே இல்லை. வஹாப் கையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விடலாம் என்று தோன்றியது. கேட்டுக்கு வெளியே டிவிஎஸ் ஃபிஃப்டி நின்றது. வசந்த்குமார் அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

வஹாப் திரும்பி சுப்பிரமணியிடம் போனார்.

"சார், ரெண்டாவது பேட்ச் ஓட்டம் செல்லாது."

சுப்பிரமணி பேனாவை நிறுத்தினார். "என்ன சொல்றீங்க?"

"பேட்டரி வீக்கு சார். டேப்பு ஸ்லோவா ஓடிக்கினு இருந்திச்சி. அறுபது செகண்டு கேப்ப இப்ப பாத்தேன், அறுவத்து நாலு வருது. நீங்களே பாருங்க."

சுப்பிரமணி அவரையே பார்த்தார். பிறகு எழுந்து செட்டுக்கு வந்தார், கையில் ஸ்டாப் வாட்ச். சாமுவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முதல் தடவை அறுபத்து நாலு. மறுபடி ஓடவிட்டார், அறுபத்தைந்து. மூன்றாவது தடவை அறுபத்தாறு. அதற்குள் நடுவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போனது.

முதலில் பேசியவர் வீராசாமி. "யோவ் பாய், உன்க்கு இன்னா கேடு? நீயும்தான லிஸ்ட்ல கீற?"

"கீறேன்."

"அப்ப மூடிக்கினு போக வேண்டியதுதான? நான் முப்பத்து மூணு ஓடிட்டு கால் நரம்பு பிச்சிக்கினு ஒக்காந்துக்கினு கீறேன். திரும்ப ஓடுன்னுவாங்க. நீயா எனக்கு காலு தருவ?"

"செட்டுல கைய வச்சதே இவருதான்" என்றார் இன்னொருவர். "நல்லா ஓடிக்கினு இருந்த செட்ட இவரே எதனா திருப்பிட்டாரோ என்னவோ. ரிப்பேர் கடைக்காரருதான?"

அதற்குப் பதிலைச் சாமுவேல்தான் சொன்னார், மெதுவாக. "இல்ல. பேட்டரி போட்டப்புறம் நான்தான் செக் பண்ணாம வுட்டேன். காலைல பண்ணேன். அப்புறம் பண்ணல." அவர் முகம் கறுத்திருந்தது. "தப்பு என்னுது சார்."

சுப்பிரமணி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். பிறகு வஹாபிடம் திரும்பினார்.

"இப்ப பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டீங்களா? இல்ல, ஓடும்போதே தெரியுமா?"

அந்தக் கேள்வி வரும் என்று வஹாப் எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் அங்கே யாரும் மறுத்திருக்க முடியாது. கூட்டத்துக்குப் பின்னால் வசந்த்குமார் வந்து நின்றிருந்தார்.

"ஓடசொல்லவே தெரியும் சார்."

"எப்போதிலிருந்து?"

"பதினாலாவது சுத்துலேந்து."

சுப்பிரமணி நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தார். மாநிலக் குழுக்காரரோடு தள்ளிப் போய்ப் பத்து நிமிடம் பேசினார். வந்து தீர்ப்பைச் சொன்னார். முதல் குழு ஓடியது ஓடியதுதான். இரண்டாவது குழு கரண்ட் வந்ததும் மறுபடி ஓட வேண்டும். இன்றைக்கே. வேறு நாள் கிடையாது. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.

மூன்று பேர் விலகிப் போனார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது வஹாபின் காலடியில் காறித் துப்பினார்.

கரண்ட் ஒன்றேகாலுக்கு வந்தது. சாமுவேல் ஸ்டாப் வாட்சை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். வீராசாமியைக் கூப்பிட்டு அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னார். அறுபது.

ஏழு பேர் கோட்டில் நின்றார்கள். முதல் பீப் ஒலித்ததுமே, சரியான சுருதியில் இருக்கிறது என்று வஹாபுக்குத் தெரிந்துவிட்டது. தொடைகள் கல்லாக இருந்தன. பத்தாவது சுற்றிலேயே, காலையில் இருபதில் வந்த மூச்சிரைப்பு வந்துவிட்டது. பதினாலைத் தாண்டினார். பதினெட்டில் ஒருவர் உட்கார்ந்தார். இருபதில் இரண்டு பேர். வஹாபுக்கு வியர்வை வழிந்து கண் எரிந்தது. எதிர்க் கோட்டில் சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இருபத்திரண்டில் கால் வைத்துத் திரும்பும்போது இடது கெண்டைச் சதை இழுத்துக்கொண்டது. பத்து வினாடி ஓய்வில் அதைக் கையால் குத்தினார். பீப். இருபத்து மூன்றை நொண்டிக்கொண்டே முடித்தார். ஒரு அடி பிந்தியிருந்தார். "வஹாப், வார்னிங்" என்ற சத்தம் கேட்டது.

ஓரத்திலிருந்து யாரும் அவருக்குக் குரல் கொடுக்கவில்லை. திடலில் ஓடும்போது, "வா பாய், வா, வா" என்று கத்துகிற வசந்த்குமார் மரத்தடியில் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

இருபத்து நாலு. இருபத்தைந்து. இருபத்தாறாவது சுற்றில் எதிர்க் கோட்டைத் தொட்டுத் திரும்பினார். பாதி வழியில் பீப் வந்துவிட்டது. அது வந்த பிறகும் அவர் நிற்கவில்லை. கோடு வரை ஓடிப்போய்த்தான் நின்றார். அவரது பெயருக்கு எதிரே சுப்பிரமணி இருபத்தைந்து என்று எழுதினார்.

வீராசாமி இருபத்தொன்பது ஓடினார். முப்பத்து மூன்று ஓடிய காலோடு, வாயில் வந்த வசவையெல்லாம் வஹாபின் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஓடினார். இரண்டாவது இடம். வசந்த்குமார் மூன்றாவது. கடைசியாக ஆறாவது இடத்துக்குப் போனவர் இருபத்தாறு ஓடியிருந்தார். வஹாபுக்கு ஒரு சுற்று குறைந்தது.

கிளம்பும்போது சுப்பிரமணி அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். பதினாறு சுற்று சும்மா இருந்துட்டீங்களே என்றோ, கடைசியில் சொன்னீங்களே என்றோ எதுவும் சொல்லவில்லை. "காலுக்கு ஐஸ் வைங்க" என்றார்.

திரும்பும்போது வண்டியை வசந்த்குமார் ஓட்டினார். வஹாபால் பெடலை மிதிக்க முடியவில்லை. பின்னால் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி தூரம் போனதும் ஒரு மதகுக்கு அருகே வசந்த்குமார் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"பதினாலாவது சுத்துலயே தெரியும்னு சொன்ன."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு பதினாறு சுத்து ஓடின?"

வஹாப் யோசித்தார். "எடம் கெடைக்கும்னுதான் ஓடினேன்" என்றார்.

"நான் ஏழாவதுன்னு வந்து நின்னனே. உன் தோள தட்டினனே."

"ஆமா."

"அப்பகூட சொல்லல நீ."

"சொல்லல வசந்து."

வசந்த்குமார் ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். உத்திரமேரூர் வந்து, கடை வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, சாவியை வஹாபின் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்துபோனார்.

வீட்டில் நசீரா வெந்நீர் வைத்துக் கெண்டைச் சதையில் ஒத்தடம் கொடுத்தாள். வஹாப் நடந்ததை முழுக்கச் சொன்னார், எதையும் விடவில்லை. அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சொல்லாம வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. மெட்ராசு, கோயமுத்தூரு எல்லாம் போயி ஊதிக்கினு இருந்திருப்பேன்."

"வசந்த்குமார் வூட்டுக்கு வந்தா மூஞ்ச எங்க வச்சிக்கினு இருந்திருப்பீங்க?"

"இப்ப மட்டும் எங்க வச்சிக்கறது?" என்றார் வஹாப்.

வசந்த்குமார் ஒரு மாதத்துக்கு மேல் கடைப் பக்கம் வரவில்லை. மில்லுக்குப் போகிற வழி அந்தச் சந்துதான், ஆனாலும் சுற்றிக்கொண்டு போனார். வஹாப் இரண்டு தடவை மில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூட்டை சுமந்துகொண்டிருக்கிறவரிடம் நின்று பேச என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கெண்டைச் சதை சரியாக மூன்று வாரம் பிடித்தது.

ஆகஸ்டு மாதம் வாலாஜாபாத்தில் ஒரு அரையிறுதி. விசில் வஹாபுக்கு என்று மாவட்டத்திலிருந்து சீட்டு வந்தது. கோட்டோரக் கொடிக்கு வசந்த்குமார் பெயர். மாநிலப் பட்டியலுக்குப் போவதற்கு முன் அவருக்கு அதுதான் கடைசி மாவட்ட ஆட்டம். தனித்தனி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கைகொடுப்பது முறை, கொடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பாதியில் உள்ளூர் அணி கோல் போட்டது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ஆடியது. வஹாப் கோல் என்று விசில் ஊதி நடுக்கோட்டைப் பார்த்துக் கையும் காட்டிவிட்டார். பிறகுதான் பார்த்தார், கோட்டோரம் வசந்த்குமார் கொடியை உயர்த்தி நின்றுகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு கத்தினார்கள். கொடி இறங்கவில்லை.

வஹாப் ஓடிப் போனார்.

"ஆஃப்சைடா?"

"ஒரு அடி. ஒம்போதாம் நம்பரு."

"நான் பாக்கல."

"உன்க்குத் தெரியாது பாய். நடுவுல ஆளு நின்னான்" என்றார் வசந்த்குமார். கூட்டம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவன் மண்ணாங்கட்டியை எறிந்தான். "நோ கோல்னு குடுத்துடு. எதுனா ஆச்சின்னா ரெண்டு பேருமா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடிடலாம்."

வஹாப் கோலை ரத்து செய்தார். ஓட வேண்டிய அவசியம் வரவில்லை, போலீஸ்காரர் ஒருவர் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார். ஆட்டம் முடிந்து ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். ஒன்பதாம் நம்பர் ஒரு அடி முன்னால் இருந்தானா, அரை அடிதானா என்று உத்திரமேரூர் வரை வாக்குவாதம் நடந்தது.

வசந்த்குமார் ஆறு வருடம் மாநிலப் பட்டியலில் இருந்தார். திருநெல்வேலி வரை போய் ஊதிவிட்டு வந்தார். வஹாப் 2008 வரை மாவட்ட ஆட்டங்களுக்குப் போனார், பிறகு முழங்கால் விடவில்லை. கேசட்டுக்கு ஆள் வராமல் போனதும் அதே கடையில் செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தேர்வைப் பற்றி யாராவது கேட்டால், "இருவத்தஞ்சு சுத்து ஓடினேன்" என்பார். முப்பது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.